பல வருடம் வைத்த ஸ்ட்ராங் பீரைத் திறந்து ருசிப்பது எப்படி? குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கப்பல் வேலைக்குப் போன அண்ணன் ஆன்ட்வெர்ப்பில் வாங்கிய ஒரு குப்பி, ஜெர்மனியில் நர்சாக இருக்கும் மதினி கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்த இரண்டு குப்பி என்று குமரி மாவட்டத்தில் பல வீட்டு அலமாரிகளில் கனமான வெளிநாட்டு பீர் உட்கார்ந்திருக்கிறது. “வச்சுக் குடிச்சா நல்லா இருக்குமாம்” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மூன்று கோடை கழித்து ஒரு விசேஷ நாளில் திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி மணம் வரும். இதற்கா இவ்வளவு பேச்சு என்று மிச்சம் தொட்டியில் போய்விடும்.

அந்தக் குப்பிகள் பெரும்பாலும் தரமானவைதான். அவை இருந்த இடமும் திறந்த விதமும்தான் சரியில்லை. பீர் பழசாகப் பழசாகத் தானாகவே உயர்ந்துவிடாது, வேறொன்றாக மாறும். என்னவாக மாறியது என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் பழைய பீரை ருசிக்கும் வேலை, குப்பியை உள்ளே வைக்கும் நாளிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

எந்தக் குப்பியை வைக்கலாம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்மூர்க் கடையில் “ஸ்ட்ராங்” என்று எழுதி விற்கும் பீர் வைத்துக் குடிக்கிற சாதி இல்லை. இந்தியாவில் 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தால் ஸ்ட்ராங் பீர் என்று போடலாம். கிங்ஃபிஷர் ஸ்ட்ராங், ஹேவர்ட்ஸ் 5000 எல்லாம் வடிகட்டி, சூடுபடுத்தி, குளிரக் குளிரச் சீக்கிரம் குடிப்பதற்கென்று செய்யப்பட்ட லாகர் வகை. லேபிளில் போட்டிருக்கும் தேதிக்குள் குடித்துவிட வேண்டியவை. அவற்றை மூன்று வருடம் வைத்தால் கிடைப்பது பழைய லாகர்தான்.

வைக்கத் தகுந்த பீருக்கு மூன்று அடையாளம் பாருங்கள். ஆல்கஹால் 8 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். நிறம் கறுப்பாகவோ அடர்ந்த பழுப்பாகவோ இருந்து, மால்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியின், இனிப்பும் கனமும் தூக்கலாக இருக்க வேண்டும். குப்பிக்குள்ளேயே கொஞ்சம் ஈஸ்ட் உயிரோடு இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் மூடிக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஆக்சிஜனில் ஒரு பகுதியை அந்த ஈஸ்ட் உறிஞ்சிவிடும். பெல்ஜியத்துத் துறவிமட பீர்களில் ஷிமே கிராண்ட் ரிசர்வ் 9 சதவீதம், ரோஷ்ஃபோர் 10 என்பது 11.3 சதவீதம், வெஸ்ட்வ்லெடரன் 12 என்பது 10.2 சதவீதம். பெயரில் உள்ள எண்ணும் ஆல்கஹால் அளவும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் ஃபுல்லர்ஸ் ஆலை 1997 முதல் வருடா வருடம் விண்டேஜ் ஏல் என்று ஒன்றைப் போடுகிறது, 8.5 சதவீதம். அமெரிக்காவின் பிக்ஃபுட் பார்லி வைன் 1983 முதல் வருகிறது. ஆஸ்திரியாவின் சாமிக்லாஸ் 14 சதவீதம். பொதுவாக பார்லி வைன், இம்பீரியல் ஸ்டௌட், குவாட்ருபெல் என்ற பெயர்களைக் குப்பியில் கண்டால் வைத்துப் பார்க்கலாம்.

பழகுவதற்கு நான் முதலில் சொல்வது இலங்கையின் லயன் ஸ்டௌட். 8.8 சதவீதம். ஆதியில் நுவரெலியா மலையில் காய்ச்சிய பீர். கொழும்புக்குப் போய்வருகிறவர்கள் நம் மாவட்டத்தில் குறைவில்லை, விலையும் பெல்ஜியத்துச் சரக்கு அளவுக்குப் போகாது. கறுத்த மால்ட்டின் காபி, சாக்லேட் சுவை வருடத்தோடு எப்படி மழுங்கி உருண்டு வருகிறது என்பதைப் படிக்க இதைவிடப் பக்கத்தில் வேறு பாடம் இல்லை.

வைக்கக் கூடாதவை ஐபிஏ (இந்தியா பேல் ஏல்), கோதுமை பீர், லாகர். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவின் மணத்துக்காகவே வாங்கும் பீரை வைத்தால் முதலில் போவது அந்த மணம்தான். விதிவிலக்காக ஓர்வால் ஒன்றைச் சொல்லலாம். 6.2 சதவீதம்தான், ஆனால் பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் அதில் இருப்பதால் மாதத்துக்கு மாதம் மாறும். குப்பியில் அடைத்த தேதியும் லேபிளிலேயே இருக்கும்.

வாங்கும்போது

ஒரே பீரில் ஒன்று வாங்காதீர்கள். குறைந்தது மூன்று, முடிந்தால் ஆறு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் தீர்வை இல்லாமல் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். 330 மில்லி குப்பி ஆறு சேர்ந்தால் 1.98 லிட்டர், வரம்புக்குள் கச்சிதமாக அடங்கும். ஆறு வேறு வேறு குப்பி வாங்கிவரும் ஆசையை அடக்கி ஒரே பீரில் ஆறு வாங்கிவரச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். திருவனந்தபுரத்தில் இறங்கிக் களியக்காவிளை வழியாக வருபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். வீட்டில் எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதற்கும், வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவருவதற்கும் தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. சேர்க்கத் தொடங்குமுன் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் கலால் பிரிவில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

முதல் குப்பியை உடனே திறங்கள்

வாங்கிவந்த குப்பிகளை இரண்டு வாரம் அசையாமல் நிற்க விடுங்கள். பிறகு ஒன்றைத் திறந்து குடித்து, உங்களுக்குத் தோன்றியதை எழுதிவையுங்கள். நாக்கில் எரிச்சல் இருந்ததா, கசப்பு எவ்வளவு நேரம் நின்றது, வாழைப்பழ வாடை வந்ததா, கிராம்பு வந்ததா, நுரை எவ்வளவு நேரம் தங்கியது என்று உங்கள் சொந்தப் பேச்சிலேயே எழுதுங்கள். “மதினி கொண்டுவந்தது, நுரை கெட்டி, விழுங்கினதும் நெஞ்சு சுட்டுது, கடைசியில கருப்பட்டி” என்றிருந்தால் போதும். நாலு வருடம் கழித்துப் படிக்கும்போது இந்த வரி பேசும். “மிக நன்று” என்ற வரி எதுவும் சொல்லாது.

நோட்டில் இன்னும் சிலதும் வேண்டும். குப்பியில் அச்சான தேதி, கைக்கு வந்த தேதி, வழியில் எவ்வளவு நாள் வெயிலில் கிடந்தது, எங்கே வைத்தீர்கள். மீதிக் குப்பிகளின் கழுத்தில் பேப்பர் டேப் ஒட்டி அதே தேதியை மார்க்கரில் எழுதுங்கள்.

குமரி மாவட்டத்தில் எங்கே வைப்பது

ஐரோப்பாவில் வீட்டுக்கு அடியில் நிலவறை இருக்கும், வருடம் முழுக்க 10 முதல் 13 டிகிரி நிற்கும். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் அந்த நிலவறையை மனதில் வைத்து எழுதியவை. நமக்கு அது இல்லை. நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் இருக்கும் இருட்டு அரங்கு, தடித்த சுவர், ஓட்டுக் கூரை எல்லாம் நல்லதுதான், வெளிச்சத்திலிருந்து காப்பாற்றும். ஆனால் பங்குனி, சித்திரையில் அந்த அரங்கும் 28, 30 டிகிரிக்குப் போகும். மதுரை, திருநெல்வேலியைவிட நம் மாவட்டம் குளிர்ச்சி என்ற பெருமை மனிதர்களுக்குச் சரி, பீருக்குப் போதாது.

பீர் ஆலைக்காரர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. சுமார் 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள்: இந்த மூன்றும் பீரை ஏறக்குறைய ஒரே அளவு பழசாக்கும். லேசான பீருக்காகப் போட்ட கணக்கு இது, கனமான பீர் இன்னும் தாங்கும். ஆனாலும் கணக்கு காட்டும் திசை மாறாது. மார்த்தாண்டம் பாலத்தடியில் நிறுத்திய காரின் டிக்கியில் ஒரு பகல் கிடந்த குப்பி எவ்வளவு வயது கூடி வீட்டுக்கு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் இங்கே நிலவறை என்றால் அது ஃப்ரிட்ஜ்தான். புதிதாக வைன் ஃப்ரிட்ஜ் வாங்க வசதியிருந்தால் 12 டிகிரியில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். இல்லையென்றால் பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் ஒன்று போதும். அதற்கு வெளியே ஒரு டிஜிட்டல் டெம்பரேச்சர் கண்ட்ரோலர் மாட்டினால், உள்ளே 12 டிகிரி வந்ததும் கம்ப்ரஸரை நிறுத்தும், 14 ஆனதும் ஓட விடும். எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. கண்ட்ரோலரின் சென்சரைக் காற்றில் தொங்கவிடாமல், தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் துள்ளி எழாது. நிறுத்தத்துக்கும் மறுபடி ஓடுவதற்கும் நடுவே மூன்று நிமிடமாவது இடைவெளி இருக்கும்படி செட் பண்ணச் சொல்லுங்கள்.

சமையலறை ஃப்ரிட்ஜ் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதிலேயே வைக்கலாம். 4, 5 டிகிரியில் பீர் கெடாது, ரொம்ப மெதுவாக மாறும், அவ்வளவுதான். கதவுத் தட்டில் மட்டும் வைக்காதீர்கள். நாள் முழுக்க ஆட்டமும் சூடும் அங்கேதான். கீழே, பின்பக்கம், காய்கறிப் பெட்டியை ஒட்டி வையுங்கள்.

மின்வெட்டுக்குத் தயாராக இருக்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல பகுதிகளில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. ஆனி, ஆடிக் காற்றில் ரப்பர் மரம் கம்பியில் விழுவதும் புதிதில்லை. ஃப்ரிட்ஜில் காலி இடம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் தண்ணீர் பாட்டிலை நிரப்பி அடுக்குங்கள். அந்தத் தண்ணீர் குளிரைப் பிடித்து வைத்திருக்கும், வெப்பம் மெதுவாகத்தான் ஏறும். இரண்டு நாள் மெதுவாக ஏறி இறங்கினால் குப்பி போய்விடாது. தினமும் பகலில் 30, இரவில் 20 என்று ஏறி இறங்குவதுதான் அதைத் தின்றுவிடும்.

குப்பியைப் படுக்கவைக்காமல் நிற்கவையுங்கள். நிற்கும்போது காற்றைத் தொடும் பரப்பு குறையும், மண்டியும் அடியில் தங்கும். வெளிச்சமும் வேண்டாம். சூரிய ஒளியும் டியூப்லைட்டும் ஹாப்பின் கசப்புப் பொருளை உடைத்து ஒரு துர்நாற்றத்தை உண்டாக்கும். பழுப்புக் குப்பி ஓரளவு காக்கும், பச்சையும் வெள்ளையும் காக்காது.

கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் உப்புக்காற்று மூடியைச் சும்மா விடாது. தகர மூடியின் மடிப்புகளுக்கு நடுவே முதலில் மஞ்சள் புள்ளி வரும், பிறகு பழுப்பு வளையமாகும், கடைசியில் குப்பியின் கண்ணாடி உதட்டிலேயே துரு ஒட்டிக்கொள்ளும். வைக்கும்போதே மூடியையும் கழுத்தையும் ஈரமில்லாமல் துடைத்து, சமையலறை பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் லேபிளில் பூஞ்சை பிடிப்பதையும் அதுவே தடுக்கும்.

எவ்வளவு வருடம்

ஆறு குப்பி இருந்தால் ஒன்று இப்போது, அடுத்தது ஒரு வருடத்தில், பிறகு வருடத்துக்கு ஒன்று. 8, 9 சதவீத பீர் மூன்று வருடத்திலேயே தெளிவாக மாறியிருக்கும். 11 சதவீதத்துக்கு மேல் ஐந்து வருடம் தாராளமாகப் போகலாம். பத்து வருடத்துக் கனவெல்லாம் ஃப்ரிட்ஜ் நாலு கோடை தாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ருசிக்கும் நாளுக்கு முன்

மார்கழி, தை மாத மாலை நேரம் நல்லது. சித்திரை மதியத்தில் கிளாஸில் ஊற்றிய பீர் பேசிக்கொண்டிருக்கும்போதே சூடாகிவிடும். நாலைந்து பேர் சேருங்கள். பழைய பீரைத் தனியாக உட்கார்ந்து குடிப்பதில் அர்த்தமே இல்லை என்பது என் கருத்து. ஒருவருக்கு வராத மணம் இன்னொருவருக்கு வரும், அவர் சொன்ன பிறகு உங்களுக்கும் பிடிபடும். 330 மில்லியை ஐந்து பேர் பிரித்தால் ஆளுக்கு அறுபது மில்லிக்குமேல் வரும். ருசிக்க அது போதும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. 10 சதவீத பீர் 330 மில்லியில் இருக்கும் ஆல்கஹால், 5 சதவீத பீர் 650 மில்லிப் பெரிய பாட்டிலில் இருப்பதற்குச் சமம். குப்பி சின்னதாக இருக்கிறதே என்று நினைத்து ஆளுக்கொன்று திறந்தால் மூன்றாவது மடக்கிலேயே நாக்கு வேலை செய்யாது. வண்டி ஓட்டிவந்தவர்களுக்குத் திரும்பிப் போக ஆட்டோவோ, குடிக்காத ஒரு ஆளோ முதலிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள். 21 வயது நிரம்பாதவர்கள், மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் இந்தக் கூட்டத்தில் வேண்டாம்.

மூக்குக்கு இடைஞ்சல் தரும் எதுவும் அறையில் இருக்கக் கூடாது. அன்று சாயங்காலம் கருவாடு பொரிக்க வேண்டாம். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் வேண்டாம். தோவாளைப் பிச்சிப்பூ மணம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்த அறையில் அது மட்டும்தான் மணக்கும்.

கிளாஸ் அடி அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். பிராந்தி கிளாஸ் பொருந்தும். சோப்பு நாற்றமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை நிற்காது. தேங்காயெண்ணெய் புழங்கும் சமையலறையில் துடைக்கும் துணியிலேயே எண்ணெய் இருக்கும். கிளாஸை வெந்நீரில் நன்றாக அலசிக் கவிழ்த்துத் தானாகக் காயவிடுங்கள்.

நடுவில் வாய் கழுவத் தண்ணீரும், உப்போ காரமோ இல்லாத பன்னும் பொரியும் வையுங்கள். ஏத்தங்காய்ச் சிப்ஸை ருசித்து முடித்த பிறகு எடுங்கள்.

திறப்பதும் ஊற்றுவதும்

ருசிக்கப்போகும் குப்பியை அசைக்காமல் வைத்திருங்கள். வேறு ஊரிலிருந்து வந்ததானால் இரண்டு நாளாவது நிற்கட்டும். மூடியைச் சுற்றியிருக்கும் துருவை ஈரத்துணியால் துடையுங்கள், திறந்த பிறகு கண்ணாடி உதட்டை மறுபடியும் துடையுங்கள். அந்தத் துருவின் இரும்பு ருசி கிளாஸுக்குள் வந்துவிட்டால் பீர்மேல் பழி போடுவீர்கள்.

திறக்கும் சத்தத்தைக் கேளுங்கள். பிசுக்கென்று ஒரு சத்தம் வந்தால் வாயு இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் மூடி கசிந்திருக்கிறது, பீர் தட்டையாக இருக்கும். சில நேரம் நுரை பொங்கி வழியும். மூடி வீங்கியதாகவோ குப்பியைப் பற்றிச் சந்தேகமாகவோ இருந்தால் துணி சுற்றி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்துத் திறங்கள்.

ஊற்றும்போது குப்பியை ஒரு முறை சாய்த்தால் நிமிர்த்தாமல் எல்லாக் கிளாஸுக்கும் வரிசையாக ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தடவை நிமிர்த்தும்போதும் மண்டி கலங்கும். கழுத்துக்குப் பின்னால் ஒரு டார்ச் வைத்தால் மண்டி நகர்ந்து வருவது தெரியும். அது கழுத்தை எட்டும்போது நிறுத்திவிடுங்கள். கடைசி ஒரு விரல் அளவை விட்டுவிடலாம். பழைய பீரில் வெள்ளையாகப் பொடிப்பொடியாக மிதந்தால் பயப்பட வேண்டாம், அது புரதம் திரண்டது.

12 டிகிரியில் ஆரம்பித்து 16 வரை போகும்போதுதான் கனமான பீரின் மணம் முழுக்க வெளியே வரும். குளிர்காலத்து ஐரோப்பியர் கிளாஸைக் கையில் பொத்திச் சூடாக்குவார்கள். நமக்கு அதற்கு நேர்மாறு. கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்ளுங்கள், ஐஸ் மட்டும் போடாதீர்கள்.

அதே பீரின் புதுக் குப்பி ஒன்று கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் புதியதை முதலில், பழையதை அடுத்து ருசியுங்கள். கிடைக்கவில்லையென்றால் முதல் நாள் எழுதிய நோட்டுதான் புதுக் குப்பிக்குப் பதில். ஆனால் அதை முன்னாலேயே படிக்க வேண்டாம். ருசித்து, எழுதி, பிறகு திறந்து ஒப்பிடுங்கள். முதலிலேயே படித்தால் அதில் இருப்பதைத்தான் நாக்கு தேடும்.

என்ன மணம், என்ன ருசி

கிளாஸை ஆட்டுவதற்கு முன்னால் ஒரு முறை மோந்து பாருங்கள், ஆட்டிவிட்டு ஒரு முறை. சின்ன மடக்காக வாயில் எடுத்து நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். துப்ப வேண்டாம், கசப்பு விழுங்கிய பிறகுதான் முழுக்கத் தெரியும். பிறகு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது எது போய்விட்டது என்பதை. ஹாப்பின் கசப்பு இறங்கியிருக்கும். புது பெல்ஜிய பீரில் வரும் பழுத்த வாழைப்பழ வாடைக்குக் காரணம் எஸ்டர் என்ற பழமணப் பொருள். நம்மூர்க்காரர்களுக்கு மட்டிப்பழம் உடனே நினைவுக்கு வரும். வருடங்களில் அது உடைந்து குறைந்துபோகும். கிராம்பு வாடை கொடுக்கும் பீனாலும் குறையும், சில பீரில் அதன் இடத்தில் வனிலா எட்டிப்பார்க்கும். மாறாமலைக் கிராம்பை மோந்து வளர்ந்தவர்களுக்கு இந்த மாற்றம் சட்டென்று பிடிபடும். ஆல்கஹாலின் எரிச்சல் அடங்கியிருக்கும். அளவு அதேதான், உறைப்பு மட்டும் தெரியாது. அதனால் ஏமாந்து வேகமாகக் குடித்துவிடாதீர்கள்.

பிறகு என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். நன்றாக வயசான கறுத்த பீரில் உலர்திராட்சை, பேரீச்சை, அத்தி, கருப்பட்டிப் பாகு வரும். ஆக்சிஜன் மெதுவாக வேலை செய்ததால் ஷெர்ரி வைன் போன்ற ஒரு கொட்டை மணம், பாதாம் மணம் வரும். இன்னும் வயசானால் வெந்தயம் வரும். வறுத்த வெந்தயத்தின் இனிப்பும் கசப்பும் கலந்த அந்த மணத்துக்குக் காரணம் சோடோலோன் என்ற பொருள். நம் சமையலறை வெந்தயத்தில் இருப்பதும் அதேதான். பழைய பீரில் அதைக் கண்டுபிடிக்க மேல்நாட்டுக்காரர்கள் தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள், நாம் மீன்குழம்பு தாளிக்கும் வீட்டில் பிறந்தவர்கள். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே அஞ்சறைப்பெட்டியைத் திறந்து ஒரு வெந்தயத்தையும் ஒரு கிராம்பையும் மோந்து பார்த்து ஒப்பிடுங்கள். சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி கெட்ட பக்கம். நனைந்த அட்டைப்பெட்டி மணம் வந்தால் பீர் சூட்டில் கிடந்திருக்கிறது. அந்த மணத்தில் பெரும்பங்கு டிரான்ஸ்-2-நோனெனல் என்ற ஒரே பொருளுக்கு உரியது, துளியிலும் துளி இருந்தாலே மூக்குக்குத் தெரியும். கனமான கறுத்த பீரில் மால்ட்டின் இனிப்பு அதைக் கொஞ்சம் மூடும், வெளுத்த பீரில் மூட எதுவும் இல்லை. சோயா சாஸ் ருசி லேசாக வந்தால் கனத்தைக் கூட்டும், தூக்கலாக வந்தால் பீர் தன் காலத்தைத் தாண்டிவிட்டது. எரிந்த ரப்பர் வாடை வந்தால் செத்த ஈஸ்ட் தன்னைத்தானே கரைத்துக்கொண்டு உள்ளிருந்ததை வெளியே விட்டிருக்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் புகை போடும் கொட்டகையைத் தாண்டி நடந்தவர்கள் இதைத் தவறவிட மாட்டார்கள். காடிப் புளிப்பு வந்தால், அது புளிப்பு பீராக விற்கப்பட்டதில்லை என்றால், பாக்டீரியா புகுந்திருக்கிறது.

இதில் எதுவும் உடம்புக்கு ஆபத்தில்லை. ஆல்கஹால், ஹாப், புளிப்புத்தன்மை மூன்றும் இருக்கும் பீரில் நோய்க்கிருமிகள் வளர்வதில்லை. ருசி பிடிக்கவில்லையென்றால் வற்புறுத்திக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள், என்ன மணம் வந்தது என்பதை மட்டும் எழுதிவிட்டுக் கொட்டுங்கள்.

சாப்பாட்டை ருசித்து எழுதிய பிறகு எடுங்கள். வயசான பார்லி வைனுக்கு முந்திரிக்கொத்து அருமையான துணை. சிறுபயறு மாவும் வெல்லமும் பீரில் இருக்கும் அதே வறுத்த இனிப்பைத் தொட்டுப் பேசும். ஸ்டௌட்டுக்குக் காரமில்லாமல் வறுத்த முந்திரிப்பருப்பு போதும்.

அடுத்த குப்பி எப்போது

எழுதியதை முதல் நாள் குறிப்போடு வைத்துப் பார்த்து, மேசையை விட்டு எழுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். கசப்பும் எரிச்சலும் இன்னும் முன்னால் நிற்கிறது என்றால் மீதியை இரண்டு வருடம் தொட வேண்டாம். பேரீச்சையும் கருப்பட்டியும் வந்து வெந்தயம் லேசாகத் தொடங்கியிருந்தால் அதுதான் நல்ல பருவம். வருடத்துக்கு ஒன்று என்று தொடருங்கள், எல்லாவற்றையும் சேர்த்துவைக்காதீர்கள். அட்டை மணம் தலைகாட்டிவிட்டால் காத்திருப்பதால் அது போகாது. மிச்சக் குப்பிகளை மாமா, சித்தப்பா மக்களைக் கூப்பிட்டு அடுத்த சில மாதத்துக்குள் குடித்து முடித்துவிட்டு, ஃப்ரிட்ஜின் கண்ட்ரோலர் காட்டும் டிகிரி உள்ளே இருக்கும் டிகிரிதானா என்று ஒரு தனி தெர்மாமீட்டரைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுச் சரிபாருங்கள். ஒரே தொகுதியில் ஒரு குப்பி மட்டும் கெட்டு மற்றது நன்றாக இருப்பதும் உண்டு, மூடிக் கோளாறாக இருக்கும். ஆகவே ஒன்று சரியில்லை என்பதற்காக மீதியைக் கொட்டாமல், இரண்டாவதைத் திறந்து பார்த்த பிறகு தீர்மானியுங்கள்.